விரிப்பின் மறுமுனை

சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் அழுத்தக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் இல்லை, நேரிலேயே. அவளும் திரும்பிப் பார்ப்பாள். பல்வலியில் கன்னம் பன் மாதிரி வீங்கி நின்றாலும் "ஒண்ணுமில்ல" என்பாள். மகன் வேலை கிடைத்து வெகுதூரம் கிளம்பிப் போன அன்றும் வேலைக்கு வந்தாள். மத்தியானச் சாப்பாட்டின்போது யாரோ கேட்ட பிறகு, "காலையில போயிட்டான்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டாள். அவளுடைய வீட்டுக்காரர் பூட்டு ரிப்பேர் செய்பவர். "ஊர்ல இருக்கற பூட்டையெல்லாம் தொறந்தாச்சு, எங்க வீட்டுப் பூட்டு மட்டும் மசியவே மாட்டேங்குது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். அது அவள் காதுக்கும் வந்து சேரும். அதற்கும் ஒன்றும் சொல்ல மாட்டாள்.

இப்படிப்பட்டவளுக்கு மடிப்பு மேசையில் ஜோடியாக வாய்த்தவள் ரேடியோ. காலையில் ஏப்ரன் கட்டும்போது திறந்த வாய், சாயங்கால மணி அடிக்கும்போதுதான் மூடும். அதனால் வந்த பெயர். அழுத்தக்காரியைவிடச் சின்னவள், "அக்கா, அக்கா" என்று ஒட்டிக்கொண்டு திரிவாள். எண்ணெயும் தண்ணீரும் போல இருந்தாலும் வேலை என்று வந்துவிட்டால் அந்தக் கூடத்தில் அவர்களைப் போல ஜோடி கிடையாது.

வேலை இதுதான். ஓட்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற படுக்கை விரிப்புகள் இஸ்திரி உருளையிலிருந்து சூடாக வந்து விழும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். ஓர் உதறல், சுருக்கம் போக ஓர் இழுப்பு. நீளவாக்கில் மடித்து, மறுபடி மடித்து, இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். பிறகு விலகிப் போய் அடுத்த விரிப்பு. நாள் முழுக்க நெருங்குவதும் விலகுவதும்தான். புதிதாக வருகிறவர்கள் தப்பாமல் இருக்க வாய்விட்டு எண்ணுவார்கள். இவர்கள் இருவரும் எண்ணி யாரும் கேட்டதில்லை. ரேடியோ தன் தங்கச்சியின் மாமியாரைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டே இழுப்பாள். அழுத்தக்காரி "ம்" கொட்டிக்கொண்டே மடிப்பாள். ஒவ்வொரு ஜோடியும் தன் கட்டை ஒரு நிறக் கயிற்றால் கட்டும். இவர்களுடையது பச்சை. பச்சைக் கயிறு என்றால் பிரித்துப் பார்க்கவே வேண்டாம் என்று ஒரு பெயர் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்த நடுக்கம் வந்தது.

முதலில் தெரிந்தது காதுக்குத்தான். டீ கிளாஸைத் தட்டில் வைக்கும்போது கிணுகிணுவென்று ஒரு சத்தம். யார் தட்டுகிறார்கள் என்று அழுத்தக்காரி சுற்றுமுற்றும் பார்த்தாள். தட்டியது அவள் வலது கை. கட்டைவிரல் தானாக ஆடிக்கொண்டிருந்தது. இடது கையால் அமுக்கிப் பிடித்தாள். விட்டதும் மறுபடி ஆடியது.

அவள் அம்மாவுக்கும் ஒரு விரலில்தான் தொடங்கியது. அப்புறம் கரண்டி பிடிக்க முடியாமல் போனது, அப்புறம் சட்டைப் பொத்தான், கடைசியில் வாயில் ஊட்டிவிட ஆள் வேண்டியதாகிவிட்டது. ஊட்டிவிட்டவள் இவள்தான். அந்த வாய் எப்படித் திறந்து காத்துக்கொண்டிருக்கும் என்பது இவளுக்கு மட்டும்தான் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

அதெல்லாம் பின்னால் வரப்போவது. பக்கத்தில் நின்ற பயம் வேறு. சலவைக்கூடத்தில் கை ஓடாதவர்களை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், அழுக்கறைக்கு அனுப்புவார்கள். ஜன்னல் இல்லாத அறை. வந்து குவியும் அழுக்குத் துணியை வகைவகையாகப் பிரித்துப் போட வேண்டும். மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொள்ள வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய டிரம்கள் உருளும் இரைச்சலில், தோளோடு தோள் உரசி நிற்பவள் கத்தினாலும் கேட்காது. பேசவே பேசாதவளுக்கு இதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். அங்கேதான் எல்லோரும் தப்புக்கணக்குப் போடுவார்கள். அவள் பேசமாட்டாளே தவிர, பேச்சு இல்லாமல் அவளுக்கு ஆகாது. மகன் போன பிறகு அந்த வீட்டில் சுவர்க்கடிகாரம்தான் பேசிக்கொண்டிருந்தது. மடிப்பு மேசையில் ரேடியோ பேசும் பேச்சுதான் அவளுக்குக் காற்றும் வெளிச்சமும். அது போய்விட்டால்?

யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். மறைப்பது அவளுக்குப் புதிதா என்ன?

ஒரு நாள் விரிப்பை உதறிக்கொண்டே அழுக்கறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. ரேடியோ அதுவரை காய்கறிக்காரனோடு போட்ட சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்திவிட்டு,

"ஏங்க்கா, அழுக்கறையில நின்னா நாள் பூரா யார்கிட்டயும் பேச முடியாதுல்ல? நானெல்லாம் வாய் வெடிச்சே செத்துருவேன்" என்றாள்.

அழுத்தக்காரியின் கையிலிருந்து ஒரு முனை நழுவியது.

"எதுக்கு இப்ப அந்தப் பேச்சு?"

"சும்மாதாங்க்கா. தோணுச்சு."

சும்மா தோன்றுமா? காய்கறிக்காரனுக்கும் அழுக்கறைக்கும் என்ன சம்பந்தம்? அன்று முழுக்க அவளுக்கு அதே நினைப்பு.

இன்னொரு நாள் காலையில் வீட்டில் கிளாஸ் ஒன்று கைதவறி விழுந்து சில்லுச்சில்லாகிவிட்டது. "என்ன சத்தம்?" என்று வீட்டுக்காரர் உள்ளிருந்து கேட்டார்.

"பூனை தட்டிவிட்டுடுச்சு."

"நம்ம வீட்டுல ஏது பூனை?"

"பக்கத்து வீட்டுப் பூனை."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. வேலைக்கு வந்து முதல் விரிப்பை எடுத்ததும் எடுக்காததுமாக ரேடியோ ஆரம்பித்தாள்.

"தங்கச்சி ஆஸ்பத்திரியிலேர்ந்து குழந்தையோட வந்துட்டாக்கா. பஞ்சு மாதிரி இருக்கு. நான்தான் இன்னும் தூக்கல."

"ஏன்?"

"பயமா இருக்கு. கை நழுவிக் கீழ போட்டுட்டா?"

சொல்லிவிட்டு ரேடியோ அவள் முகத்தையே பார்த்தாள். கிளாஸ் உடைந்த கதை இவளுக்கு எப்படித் தெரியும்? அக்கம்பக்கத்துக் குழந்தைகளையெல்லாம் தூக்கி வளர்த்தவள், தங்கச்சி குழந்தையைத் தூக்கப் பயப்படுகிறாளாம். குத்திக்காட்டுவதற்கு ஓர் அளவில்லையா?

மூன்றாவது முறை அவள் ஆடியே போய்விட்டாள். காலையில் பஸ்ஸில் வரும்போது, இதற்கு நரம்பு டாக்டரிடம் போவார்களா, எலும்பு டாக்டரிடம் போவார்களா, போனால் இங்கே தெரிந்துவிடுமா என்று மண்டையைக் குடைந்துகொண்டு வந்தாள். ஏப்ரன் முடிச்சைக்கூடப் போடவில்லை, ரேடியோ கேட்டாள்:

"நல்ல நரம்பு டாக்டர் யாரையாவது உனக்குத் தெரியுமாக்கா?"

"யாருக்கு?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு" என்றவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

தெரிந்த ஒருத்தர்! எதிரில் நிற்கிறவளைத் தவிர வேறு யார்?

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போன வேகத்தில், சாவிக்கு அரம் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முன்னால் போய் நின்றாள்.

"ரேடியோகிட்ட என்ன சொன்னீங்க?"

"எந்த ரேடியோ? அலமாரி மேல கிடக்கே, அதுவா? அது பாடியே வருஷக்கணக்காச்சு."

"விளையாடாதீங்க. என்கூட வேலை செய்யறவ. அவகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்னீங்க?"

அவர் அரத்தைக் கீழே வைத்தார். "சொல்றதுக்கு என்ன இருக்கு? இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லு. நான் அப்புறம் ஊருக்குச் சொல்றேன்."

அவள் வலது கையைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அவரும் சொல்லவில்லை என்றால் பிறகு எப்படி? மனசில் நினைப்பது தன் நெற்றியில் எழுதித் தொங்குகிறதோ என்று பயம் வந்துவிட்டது. நினைத்தால் அது ரேடியோ வாயில் வருகிறது. ஆகவே நினைக்கவே கூடாது. மேசைக்கு வந்ததும் இஸ்திரி உருளையின் திருகாணிகளை எண்ண ஆரம்பித்தாள். எண்ணி முடித்துவிட்டு முதலிலிருந்து எண்ணினாள். நடுக்கம் தெரியாமலிருக்க விரிப்பை இறுக்கிப் பிடித்தாள். அவள் இறுக்கினால் எதிரில் ரேடியோவும் இறுக்கினாள். இரண்டு பேருக்கும் நடுவில் துணி மத்தளத் தோல் மாதிரி விறைத்து நின்றது. எல்லாவற்றையும்விட அவளைக் கலக்கியது, ரேடியோவின் பேச்சு குறைந்துகொண்டே வந்ததுதான். சில நாள் அவள் பேச்சில் காய்கறிக்காரன்கூட வரவில்லை. துணியின் சரசரப்பு மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு ஒரு நாள் ஓட்டலிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. பச்சைக் கயிறு.

சூப்பர்வைசர் சத்தம் போடாத மனிதர். அதனாலேயே அவரைக் கண்டால் எல்லோருக்கும் பயம். கட்டைப் பிரித்து ஒரு விரிப்பைத் தூக்கிக் காட்டினார். விளிம்பு ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் கோணிக்கொண்டு நின்றது.

"பச்சைக் கயிறு இதுவரைக்கும் திரும்பினதே இல்லையே. என்ன ஆச்சு?"

அழுத்தக்காரி வாயைத் திறந்தாள். அதற்குள் ரேடியோ முந்திக்கொண்டாள்.

"நான்தான் சார். என் பக்கம்தான் நழுவிடுச்சு."

கோணல் யார் பக்கத்துக் கோணல் என்பது அழுத்தக்காரிக்குத் தெரியாதா? ஆக, இவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டு, போனால் போகிறது பாவம் என்று பழியைத் தான் வாங்கிக்கொள்கிறாள். குத்திக்காட்டியதைப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த இரக்கத்தை எப்படிப் பொறுப்பது? அன்று சாயங்காலம் ரேடியோவிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டாள்.

மறுநாள் காலை நேராகச் சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், என்னை வேற ஜோடியில போடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவங்க உங்ககிட்ட சொல்லிட்டாங்களா?"

"என்னத்த?"

"நேத்து சாயங்காலம் நீங்க போனப்புறம் வந்தாங்க. கை நடுங்குதாம். கொஞ்ச மாசமாவே விரிப்பைப் பிடிச்சா நடுங்குதாம். தன்னால உங்க பேரும் கெடுதுன்னு ஒரே அழுகை. அழுக்கறைக்கு மாத்திடுங்கன்னு அவங்களே கேட்டாங்க. நாளையிலேர்ந்து அங்க போறாங்க. உங்களுக்குப் புது ஆள் தரேன், கவலைப்படாதீங்க."

முதலில் வந்தது நிம்மதி. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை. அப்பாடா, யாருக்கும் தெரியாது, ரேடியோவுக்கும் தெரியாது என்று நெஞ்சு ஒரு நொடி லேசாகிவிட்டது.

அடுத்த நொடி அந்த நெஞ்சிலேயே கல் விழுந்தது. எந்தக் கை நடுங்குகிறது? ரேடியோவின் கையா? இரண்டு பேர் பிடிக்கிற ஒரே துணி. இந்த முனை ஆடினால் அந்த முனையும் ஆடும். எந்தக் கையிலிருந்து கிளம்பியது என்று துணி சொல்லுமா? இவள் நடுக்கம் துணி வழியாகப் போய் அவள் விரலில் இறங்கியிருக்கிறது. அவள் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டுவிட்டாள். அழுக்கறைப் பேச்சு, குழந்தையைத் தூக்காதது, 'தெரிஞ்ச ஒருத்தர்' எல்லாம் அவள் தன் பயத்தைச் சொன்னது. ஒரு வார்த்தைகூட இவளைப் பற்றியது இல்லை. இவள் நினைத்ததை அவள் சொல்லவில்லை; இருவரும் ஒன்றையே நினைத்துக்கொண்டு எதிரெதிரே நின்றிருக்கிறார்கள்.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

"ஒண்ணுமில்ல."

பழகிய வாய். அது பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவள் வெளியே வந்துவிட்டாள்.

மேசையில் ரேடியோ ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. விரிப்பு வந்தது, எடுத்தார்கள், உதறினார்கள், மடித்தார்கள். ஒவ்வொரு தடவை நெருங்கி வரும்போதும் இதோ சொல்லிவிடலாம் என்று அழுத்தக்காரி வாயெடுப்பாள். முகத்துக்கு நேரே முகம் வரும். முனை கைமாறும். ரேடியோ "என்னக்கா?" என்பாள். இவள் தலையை ஆட்டிவிட்டு விலகிப் போய்விடுவாள். சாப்பாட்டு மணி அடித்தது, சாப்பிட்டோம் என்று பெயர் பண்ணினார்கள். மறுபடி மேசை. ஜன்னல் வெயில் மேசையை விட்டு இறங்கித் தரைக்கு வந்துவிட்டது. இந்த வெயில் சுவர் ஏறுவதற்குள் மணி அடித்துவிடும். நாளைக் காலையில் ரேடியோ அந்த அழுக்கறைக் கதவுக்கு உள்ளே போய்விடுவாள். சொல்லாவிட்டால், செய்யாத தப்புக்கு அவள் அங்கே வாயைக் கட்டிக்கொண்டு கிடப்பாள். சொன்னால், அந்த இடம் தனக்கு. அழுத்தக்காரியின் உள்ளங்கை வியர்த்து விரிப்பில் ஈரம் பதிந்தது.

கடைசி அடுக்கு வந்தபோது ரேடியோ மெதுவாகச் சொன்னாள்: "நாளையிலேர்ந்து நான் அந்தப் பக்கம் போறேங்க்கா. புதுசா வர்றவகிட்ட கோபப்படாம நடந்துக்கோ. நீ பேசாம நின்னா, கோபம்னு நெனச்சுக்குவாங்க."

ஈரத் துணி மாட்டுவதற்காகச் சுவரோரம் ஒரு கம்பி ஓடும், அதில் கிளிப்புகள் தொங்கும். அழுத்தக்காரி தன் பக்கத்து முனைகள் இரண்டையும் கொண்டுபோய் அந்தக் கிளிப்புகளில் மாட்டினாள். கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"என்னக்கா பண்றே?"

"பிடி. இழுத்துப் பிடி."

ரேடியோ இழுத்துப் பிடித்தாள். விரிப்பு காற்றில்லாத குளம் மாதிரி அசையாமல் நின்றது.

"இன்னும் இழு."

இழுத்தாள். ஒரு சலனம் இல்லை. ரேடியோ துணியைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், மறுபடி துணியைப் பார்த்தாள்.

"நிக்குதுக்கா" என்றாள், நம்பாத குரலில்.

அழுத்தக்காரி கிளிப்பைக் கழற்றி முனைகளைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். இந்தத் தடவை இறுக்கவில்லை, இடது கையால் அமுக்கவில்லை, கையை அதன் போக்கில் விட்டாள். சின்ன அலை ஒன்று கிளம்பி, துணி நெடுக ஓடி, ரேடியோவின் கட்டைவிரலில் போய் முட்டியது. பின்னாலேயே இன்னொன்று.

ரேடியோ வாயைப் பிளந்தபடி நின்றாள். அவள் வாய் திறந்தும் சத்தம் வராதது அந்தக் கூடத்தில் அதுதான் முதல் தடவை.

"நீயா?"

"நான்தான்."

"எத்தனை நாளா?"

"குளிருக்கு முன்னாடிலேர்ந்து."

"அடிப்பாவி!" என்று ரேடியோ விரிப்பைக் கீழே போட்டாள். "வீட்டுல தெனம் கையை நீட்டி நீட்டிப் பாக்கறேன், கல்லு மாதிரி நிக்குது. இங்க வந்து நின்னா நடுங்குது. இந்த வேலைதான் என்னைத் தின்னுடுச்சுன்னு நெனச்சேன். குழந்தையத் தூக்காம இருக்கேன், தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டிருக்கா. ஒரு வார்த்தை சொன்னா என்ன உனக்கு?"

"நீ குத்திக்காட்டறேன்னு நெனச்சேன்."

"நானா? உன்கிட்ட சொல்லிடணும்னு தெனம் வருவேன். வாய் வராது. சுத்திச் சுத்தி எதையாவது பேசிட்டுப் போயிடுவேன்."

"உனக்கா வாய் வராது?"

கேட்டுவிட்டு அழுத்தக்காரியே சிரித்துவிட்டாள். ரேடியோ அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்து மேசைக்காரிகள், இந்த ரெண்டுக்கும் என்ன வந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள்.

ரேடியோ மூக்கைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். "யார்கிட்டயும் சொல்லாதக்கா. எனக்குச் சரியாயிடுச்சுன்னு சார்கிட்ட சொல்லிடறேன். உன் பக்கம் ஆடினா நான் இழுத்துப் பிடிச்சுக்கறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

கேட்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அழுத்தக்காரி ஒன்றைப் பிடித்தால் விடாதவள். இத்தனை நாள் மறைப்பதில் பிடித்த பிடிவாதத்தை இப்போது சொல்வதில் பிடித்தாள்.

"நீ இழுத்துப் பிடிச்சுதான் கட்டு திரும்பி வந்துச்சு. வா."

கண்ணாடி அறையில் ரேடியோ, "சார், அது என்னன்னா" என்று ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு" என்றாள் அழுத்தக்காரி. பிறகு தன் வலது கையை மேசைமேல் வைத்து, அது ஆடுவதை அவரைப் பார்க்க வைத்தாள். "நடுங்கறது என் கை சார். இவ கை இல்ல. இவளை அங்க அனுப்பாதீங்க."

சூப்பர்வைசர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"இல்ல."

"முதல்ல காட்டிட்டு வாங்க. அவர் என்ன சொல்றாரோ பார்த்துட்டு அப்புறம் பேசலாம். அவங்க மேசையிலயே இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். உங்களை மாற்ற மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது வீட்டுக்காரர் ஆச்சரியப்படவே இல்லை. "அந்தப் பக்கத்து வீட்டுப் பூனையை நான் அன்னிக்கே பார்த்துட்டேன்" என்றார். மறுநாள் கடையைச் சாத்திவிட்டுத் தானும் கிளம்பினார்.

நரம்பு டாக்டரின் வராந்தாவில் நீளமான பெஞ்சு. வீட்டுக்காரர் வாசல் கதவின் பூட்டு சரியில்லை என்று அதைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். பெஞ்சில் அழுத்தக்காரிக்குப் பக்கத்தில் ரேடியோ. வரவேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் குழந்தையைத் தூக்கியதையும், அது புதுச் சட்டையை நனைத்ததையும், தங்கச்சி மாமியார் அதற்குச் சொன்ன நொட்டையையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அழுத்தக்காரி "ம்" கொட்டினாள். ஆனால் காதில் விழவில்லை. உள்ளே போனால் இரண்டு கையையும் நீட்டச் சொல்வார். அம்மாவுக்கு வந்ததுதான் இது என்று சொல்லிவிட்டால்? வாயைத் திறந்துகொண்டு காத்துக்கிடக்கும் நாள் வந்தால், எதிரில் கரண்டியோடு யார் இருப்பார்கள்?

ரேடியோ பேச்சை நிறுத்தினாள். எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"ஒருவேளை ஊட்டிவிடற மாதிரி ஆச்சுன்னு வெய்யேன், நான் வேகமாத்தான் ஊட்டுவேன்க்கா. ஒவ்வொரு வாயும் மென்னு முழுங்கற வரைக்கும் காத்துட்டிருக்க என்னால முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

அம்மாவைப் பற்றி அவளிடம் சொன்னதே இல்லை. அழுத்தக்காரி அவள் பக்கம் திரும்பினாள். 'ஒண்ணுமில்ல' என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதை விழுங்கினாள்.

"நானும் அதைத்தான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள்.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். கைப்பைக்குள் மறைத்து வைத்திருந்த வலது கையை வெளியே எடுத்தாள். அது ஆடிக்கொண்டுதான் இருந்தது. ரேடியோ அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.